வெட்கம் மருந்தாகாது

கேள்வி: என் கணவர் லாரி ஓட்டுகிறார். மூன்று வாரமாகச் சிறுநீர் போகும்போது எரிச்சல், சீழும் வருகிறது. மருந்துக்கடையில் ஏதோ மாத்திரை வாங்கி விழுங்குகிறார். ஆஸ்பத்திரிக்கு வர வெட்கப்படுகிறார். என்ன செய்வது?
(பெயர் வேண்டாம், நாமக்கல்)

பதில்: சகோதரி, முதலில் அந்தக் கடை மாத்திரையை நிறுத்தச் சொல்லுங்கள். அரைகுறை மருந்தில் எரிச்சல் அடங்கும், கிருமி உள்ளேயே இருக்கும். இது பால்வினை நோயாக இருக்கலாம். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் அந்த நோய்களுக்கென்றே 'சுகவாழ்வு மையம்' இருக்கிறது. பரிசோதனை, ஆலோசனை, மருந்து எல்லாம் இலவசம். நோய்க்குறிக்கு ஏற்றபடி 7 நிறங்களில் மருந்துப் பொட்டலங்கள் வைத்திருப்பார்கள். பெரும்பாலும் அன்றே கையில் கிடைத்துவிடும். ரத்தத்தில் மேகநோய்க்கும் (சிபிலிஸ்), எச்.ஐ.வி. சோதனைக்கான நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி.க்கும் சோதித்துக்கொள்ளுங்கள்.

நீங்களும் கூடப் போக வேண்டும். பெண்களுக்கு இந்தத் தொற்று அறிகுறியே காட்டாமல் கருக்குழாயைக் கெடுத்துவிடலாம். ஒருவர் மட்டும் மருந்து எடுத்தால் நோய் திரும்பத் திரும்ப வரும். இருவருக்கும் குணமாகும்வரை உறவு வேண்டாம். பிறகும் ஆணுறை நல்லது. யாரால் வந்தது என்ற சண்டையைச் சிகிச்சைக்கு முன் ஆரம்பிக்காதீர்கள். நேரில் போகத் தயக்கமா? 1097 என்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், கட்டணமில்லை. இந்த வாரமே இருவரும் கிளம்புங்கள்.