பூனைக் கொரோனா என்னும் பூச்சாண்டி

பிராணி வைத்தியத்தைத் தொழிலாகக் கொண்டவன் காதில் வந்து விழும் வதந்திகளுக்குக் கணக்கில்லை. ஆயினும், 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பிறகு ஒரு வதந்தி மட்டும் மற்றவற்றையெல்லாம் பின்தள்ளிவிட்டு, படித்தவர் படிக்காதவர் என்ற பேதமின்றி எல்லோர் வாயிலும் உலவி வருகிறது. பூனையின் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'கொரோனா வைரஸ்' என்ற சொல் அச்சாகியிருந்தால், அது வீட்டாருக்கெல்லாம் கோவிட்டைக் கொடுத்துவிடும், ஆகையால் அதை அன்றைக்கே அப்புறப்படுத்திவிட வேண்டும் என்பதே அந்த வதந்தி. இதைச் சொல்லிக்கொண்டு கூடையும் பூனையுமாக வந்து நிற்பவர்களிடம் நான் சற்றுக் கடுமையாகவே பேசிவிடுவதுண்டு. அதற்காக வருந்தும் உத்தேசமும் எனக்கில்லை.

பூனைகளின் குடலில் வாசம் செய்யும் கொரோனா வைரஸ் ஆல்ஃபா வகுப்பைச் சேர்ந்தது. கோவிட்டை உண்டாக்குவதோ பீட்டா வகுப்பைச் சேர்ந்த வேறொரு வைரஸ். முன்னது மனிதரைத் தொற்றுவதில்லை. அது நேற்று முளைத்ததுமன்று. வயிற்றிலோ மார்பிலோ நீர் கோத்தும், சில சமயம் நீரே கோவாமல் கண், மூளை, சிறுநீரகம் முதலிய அவயவங்களைப் பற்றியும் பூனையை வதைக்கிற எஃப்.ஐ.பி. என்ற கொடிய வியாதி இந்த வைரஸின் விளைவே; அவ்வியாதியை அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துப் பிராணி வைத்தியர் ஜீன் ஹோல்ஸ்வர்த் அம்மையார் 1963-லேயே விவரித்து எழுதிவிட்டார்.

"அப்படியானால் பூனைக்குக் கோவிட் வரவே வராதா?" என்று கேட்பார்கள். வரும், ஆனால் பெரும்பாலும் அதை அதற்குக் கொடுப்பவர்கள் நாம்தான். நோயுற்ற எஜமானரின் படுக்கையில் சுருண்டு உறங்கும் பூனைதான் அபாயத்துக்கு உள்ளாகிறதேயொழிய, பூனையருகில் உறங்கும் எஜமானர் அல்லர். மாறாக நடந்ததற்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் திருஷ்டாந்தம் 2021-இல் தாய்லாந்தின் சொங்க்லா மாகாணத்தில், மாதிரி எடுக்கும்போது முகத்தில் தும்மிய பூனையிடமிருந்து ஒரு பிராணி வைத்தியருக்குத் தொற்றியதாகும். அந்தப் பூனையும் தன் எஜமானர்களிடமிருந்தே நோயைப் பெற்றது. இந்த ஒரு சம்பவத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பூனையை வீதிக்கு விரட்டுவது எந்த நியாயத்தில் சேர்த்தியோ, நான் அறியேன்.

பரிசோதனைச் சீட்டு உண்மையில் சொல்வது, இந்தப் பூனை வாழ்நாளில் எப்போதோ ஒருமுறை அந்தக் குடல் வைரஸைச் சந்தித்திருக்கிறது என்பதே. பல பூனைகள் கூடி வாழும் இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுவரை இவ்விதம் சந்தித்தவையாக இருக்கக்கூடும். அவற்றுள் பெரும்பாலானவை சொற்ப வயிற்றுப்போக்கோடு, பல சமயம் அதுகூட இல்லாமல், தேறிவிடும். எஃப்.ஐ.பி.யில் போய் முடிவது பத்தில் ஒன்றோ அதற்கும் குறைவோதான். குடலில் சாதுவாய்க் கிடந்த வைரஸ் அந்தப் பூனையின் தேகத்துக்குள்ளேயே விகாரமடைந்து, இரத்த அணுக்களுக்குள் புகுந்து பெருகும் சக்தியைப் பெறும்போதுதான் அனர்த்தம் விளைகிறது. அந்த அனர்த்தம் யாரை அதிகம் நாடுகிறதென்றால், இரண்டு வயதுக்குட்பட்ட இளம் பூனைகளையும், பெங்கால், பர்மன், அபிசீனியன் போன்ற சில உயர்சாதி வமிசங்களையும், கூட்டத்தில் நெருக்குண்டு வாழ்பவற்றையும், இடமாற்றம், அறுவைச் சிகிச்சை முதலியவற்றால் மிரண்டு மனங்கலங்கியவற்றையுமே நாடுகிறது. ஆகவே, சீட்டைக் கண்டு பயந்து இளம் பூனையொன்றைக் கொண்டுபோய் நெரிசல் மிகுந்த காப்பகத்தில் விட்டுவருகிறவர், வயது, கூட்டம், கலக்கம் ஆகிய மூன்று காரணங்களையும் தம் கையாலேயே ஒன்றுசேர்த்து, எந்த நோய்க்கு அஞ்சினாரோ அதற்கே அந்தப் பிராணியைப் பலியிடுகிறார்.

சைப்ரஸ் தீவை மேற்கோள் காட்டுகிறவர்களும் உண்டு. 2023-இல் அங்கே நாயின் கொரோனா வைரஸோடு கலந்து பிறந்த ஒரு புதுவகை, பூனையிலிருந்து பூனைக்கு நேரே பரவிப் பலவற்றைக் கொன்றது மெய்யே. ஆனால் மூன்று லட்சம் பூனைகள் மாண்டன என்ற செய்தி உலகெங்கும் ஓடிய பின்னர், அத்தீவின் பிராணி வைத்தியர் சங்கம் மதித்துச் சொன்ன எண்ணிக்கையோ ஏறத்தாழ எட்டாயிரந்தான்; மனிதரில் ஒருவருக்கும் அது தொற்றவில்லை.

மற்ற நம்பிக்கைகளை விரைவில் முடித்துவிடலாம். எஃப்.ஐ.பி. வந்தால் மரணம் நிச்சயம் என்பது பழங்கதை: கலிபோர்னியாவில் நீல்ஸ் பீடர்சன் குழுவினர் ஜி.எஸ்.-441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்து, 25 பிழைத்ததாக 2019-இல் வெளியிட்டார்கள். வெளியில் திரியும் பூனைக்குத்தான் இது வரும் என்பதும் தலைகீழான பேச்சு. மண்ணைத் தோண்டி மலத்தைப் புதைத்துவிட்டுப் போகும் பூனையைவிட, அறைக்குள் பத்துப் பேரோடு ஒரே லிட்டர் பாக்ஸைப் பங்கிடும் பூனைக்கே ஆபத்து அதிகம். நீண்ட ரோமம் காரணம் என்பதற்கு மறுமொழியே வேண்டாம்.

லிட்டர் பாக்ஸ் என்றதும் என் பழைய வழக்குக்கு வந்துவிட்டேன், வாசகர் பொறுக்கவேண்டும். இந்த வைரஸ் மலத்தின் வழியாக வாய்க்குப் போகிறது. உலர்ந்த இடத்தில் ஏழு வாரம்வரை உயிர்த்திருக்கக் கூடியது. சாதாரண பிளீச்சிங் திரவத்துக்கோ மடிந்துபோகிறது. அப்படியிருக்க, விலையுயர்ந்த பூனையை வாங்கி, அதற்கு வெளிநாட்டு உணவும் வெல்வெட் மெத்தையும் வாங்கியவர்கள், மூன்று பூனைகளுக்கு ஒரே பாக்ஸை வைத்து, அதையும் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வரும் கோபத்தை என்னென்பது! பூனைக்கு ஒன்றும் அதற்கு மேல் உபரியாக ஒன்றும் வேண்டும், தினமும் அள்ளவேண்டும், சாப்பாட்டுத் தட்டு எட்ட இருக்கவேண்டும், ஓர் அறையில் மூன்று நான்கு பூனைகளுக்கு மேல் கூடாது. குட்டிகளை விற்பவர்களோ, தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி மங்கத் தொடங்கும் ஐந்து, ஆறு வாரத்திலேயே அவற்றைப் பெரிய பூனைகளின் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனியறையில் வளர்க்கவேண்டும். குட்டி வாங்கப் போகிறவர்கள் வம்சாவளிச் சான்றிதழைக் கேட்பதற்கு முன்னால், அந்த அறையைத் திறந்து காட்டச் சொல்லட்டும்.