பன்னீர் ரோஜாவும் உப்புக்காற்றும்

எங்கள் வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில். மொட்டை மாடிக்குப் போனால் கடல் தெரியும். வாசலுக்கும் மதிலுக்கும் நடுவே பத்தடிக்கு எட்டடி இடம். அதில் இடுப்புயரத்துக்குப் புதராக நிற்கிறது ஒரு பன்னீர் ரோஜா. காலையில் கதவைத் திறந்தால் வாசனை கூடம் வரைக்கும் வரும். பார்க்கிறவர்கள் முதலில் ஆச்சரியப்படுவார்கள், பிறகு யோசனை சொல்வார்கள். அந்த யோசனைகளில் பலவற்றை நானும் நம்பிச் செய்து பார்த்திருக்கிறேன். ஒரு செடியையும் இழந்திருக்கிறேன்.

“கடலோரத்தில் ரோஜா வராது. அது மலைச்செடி.”

பன்னீர் ரோஜாவைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய தவறு இல்லை. தோட்டக்கலைக்காரர்கள் எட்வர்டு ரோஜா என்று சொல்வது இதைத்தான். இது பிறந்ததே ஒரு தீவில். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியனுக்கு அந்தக் காலத்தில் போர்போன் என்று பெயர். அங்கே சீன ரோஜாவையும் டமாஸ்க் ரோஜாவையும் வயல்களுக்கு வேலியாக நட்டிருந்தார்கள். மனிதர் யாரும் மகரந்தம் தொட்டுவைக்காமல், அந்த வேலியிலேயே இரண்டும் கலந்து இளஞ்சிவப்பில் புது ரோஜா ஒன்று பிறந்தது. 1817இல் அந்தத் தீவின் தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பாக வந்த பிரேயோன் என்ற பிரெஞ்சுக்காரர் அதைக் கவனித்து, விதைகளைப் பாரிஸுக்கு அனுப்பினார். போர்போன் ரோஜா என்ற வம்சமே அங்கிருந்துதான் தொடங்கியது. பின்னாளில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம்மவர்கள் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போனதும் இதே தீவுக்குத்தான். ரோஜாவில் நமக்கு இவ்வளவு நெருங்கிய உறவு வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கடலோரத்தில் நிலைக்காமல் போவது வேறு ரகம். ஓசூர், பெங்களூரு பக்கத்துக் குளிரில் வளர்த்து, ஒற்றைக் காம்பில் கைப்பிடி அளவு பூவோடு இங்கே கொண்டுவந்து விற்கிறார்களே, அதுதான். அதை வைத்து ரோஜாக் குலத்துக்கே தீர்ப்பு எழுத வேண்டாம்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு நம்பிக்கை உண்டு. “திருச்செந்தூரில் பன்னீர் இலையில்தானே விபூதி தருகிறார்கள்? அந்த மரம் கடற்கரை மணலிலேயே நிற்குமே, அப்புறம் பன்னீர் ரோஜாவுக்கு உப்பு என்ன செய்யும்?” என்று என் சித்தப்பா கேட்டார். பெயர் மட்டும்தான் ஒன்று. அந்தப் பன்னீர் மரம் காப்பிச்செடியின் குடும்பம். அது உப்பைத் தாங்கும், ரோஜா தாங்காது.

“உப்புக்காற்று பட்டுத்தான் இலை கருகுகிறது.”

நான் அதிக நாள் ஏமாந்தது இதில்தான். இலைகளின் ஓரம் காப்பிப் பொடி நிறத்தில் காய்ந்துகொண்டே வந்தது. கிழக்குப் பக்கம் பச்சை நிழல்வலை கட்டினேன். ஒரு வருஷம் போயும் ஓரம் காய்வது நிற்கவில்லை. ஒருநாள் உட்கார்ந்து இலை இலையாகப் பார்த்தேன். கடலைப் பார்த்த பக்கம், வீட்டுச் சுவரைப் பார்த்த பக்கம் இரண்டும் ஒரே மாதிரி கருகியிருந்தன. அடியிலிருந்த முதிர்ந்த இலைகளில் அதிகம், நுனித் துளிரில் இல்லை. காற்று சுட்டிருந்தால் காற்றுப் பக்கம்தானே முதலில் கருக வேண்டும்? செடி முழுக்க, அதுவும் முதிர்ந்த இலையிலிருந்து ஆரம்பித்தால் உப்பு ஏறுவது வேர் வழியாக.

கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரில் வைத்தேன். 1,400க்கு மேல் காட்டியது. ரோஜாவுக்கு ஐந்நூறு, அறுநூறுக்குள் இருந்தால் கவலையில்லை. அதோடு நிற்கவில்லை. “ஆர்.ஓ. மெஷின் கழிக்கிற தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுங்கள்” என்று எல்லாரும் சொல்வதைக் கேட்டு, தினம் ஒரு பக்கெட் அதையும் ஊற்றிக்கொண்டிருந்தேன். நாம் குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தக் கழிவுநீரில்தான் இருக்கிறது. உப்புத் தண்ணீர் வரும் ஊரில் அது குழாய்த் தண்ணீரைவிட உப்பாகத்தான் இருக்கும். தரை துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம். ரோஜாவுக்கு ஒரு சொம்பு கூட வேண்டாம்.

வேடிக்கை பாருங்கள், “ஏசி தண்ணீர் செடிக்கு விஷம்” என்று சொல்வதும் இதே ஆட்கள்தான். ஏசியிலிருந்து சொட்டுவது காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து நீரானது; அதில் உப்பு அநேகமாக இல்லை. கடலோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லாததால் கோடை ராத்திரியில் எங்கள் பக்கெட் நிறைந்துவிடுகிறது. இப்போது ரோஜாவுக்கு அதுவும் தொட்டியில் பிடித்த மழைத்தண்ணீரும்தான். வாரம் ஒரு தடவை, உள்ளே சேர்ந்த உப்பு கீழே இறங்கிப் போகும்படி நிறைய ஊற்றுவேன். தொட்டிச் செடியாக இருந்தால் அடித்துளையில் தண்ணீர் வழிந்தோட வேண்டும். மண்தொட்டியின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதைப் பாசி என்று நினைத்துவிடாதீர்கள், உப்பு.

தை மாதத்தில் ரோஜா செழிப்பது பனியால் என்பார்கள். பனியும் காரணம்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை வேரைச் சுற்றியிருந்த உப்பைக் கழுவிவிட்டுப் போனதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

வேருக்கு உப்பு வந்து சேர இன்னும் இரண்டு வழி உண்டு. ஒன்று தென்னை நார்க்கழிவு. உவர்நீரில் ஊறவைத்த மட்டையிலிருந்து வந்ததென்றால் உப்பு அதிலேயே இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்துதான் கலக்க வேண்டும். இன்னொன்று எப்சம் உப்பு. இலை மஞ்சளானால் கரண்டி கரண்டியாகப் போடச் சொல்கிறார்கள். அது மக்னீசியம் சல்பேட். மக்னீசியம் குறைந்திருந்தால் உதவும், இல்லையென்றால் ஏற்கெனவே உப்பிருக்கும் மண்ணில் இன்னொரு உப்பு. அதுவும், மக்னீசியக் குறைவு முதிர்ந்த இலையில்தான் முதலில் தெரியும். துளிரிலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் செடிக்குக் கிடைக்காதது இரும்புச்சத்து. நம் கரையோர மண்ணிலும் தண்ணீரிலும் காரம் அதிகமாக இருந்தால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடிவதில்லை. அப்படிப்பட்ட மண்ணில் முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவதும் வீண்வேலை. சுண்ணாம்பு அங்கே தேவைக்கு மேலேயே இருக்கிறது. மக்கிய தொழு உரம் போடுங்கள், போதும்.

“சாயங்காலம் செடியைக் குளிப்பாட்டினால் உப்பு போய்விடும்.”

கழுவுவது சரி, நேரம்தான் தவறு. கரும்புள்ளி நோயின் பூஞ்சை இலைக்குள் நுழைய, இலை ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஈரமாகவே இருக்க வேண்டும். சாயங்காலம் நனைத்தால் அந்த ஏழு மணி நேரத்தை நாமே கொடுத்துவிடுகிறோம். விடிந்ததும் கழுவினால் எட்டு, ஒன்பது மணி வெயிலில் காய்ந்துவிடும்.

“ஐந்து இலை நல்ல ரோஜா, ஏழு இலை காட்டு ரோஜா.”

நாம் ஐந்து, ஏழு என்று எண்ணுவதெல்லாம் ஒரே இலையின் சிற்றிலைகள். ஒட்டுச் செடியில் அடிவேராகக் காட்டு ரோஜாவை வைப்பதால், கீழிருந்து கிளம்பும் ஏழு சிற்றிலைக் கிளை காட்டுக் கிளையாக இருக்க வாய்ப்புண்டு. நம்பிக்கை வந்தது அதிலிருந்துதான். ஆனால் பட்டன் ரோஜா மாதிரிக் குட்டைப் புதர் ரகங்களில் ஏழு சிற்றிலை சகஜம். பன்னீர் ரோஜாவும் நல்ல வீரியத்தில் இருந்தால் ஏழு காட்டும். எண்ணிப் பார்ப்பதைவிட, கிளை எங்கிருந்து வருகிறது என்று மண்ணை விலக்கிப் பாருங்கள். ஒட்டுக்குக் கீழே என்றால் பிய்த்தெறியுங்கள், மேலே என்றால் விடுங்கள். குச்சி நட்டு வளர்த்த செடிக்கு ஒட்டே கிடையாது, வருவதெல்லாம் அதன் சொந்தக் கிளைதான். எங்கள் செடியில் தூரிலிருந்து செங்கருப்பாக, கட்டைவிரல் பருமனில் எழுந்த கிளையைப் பக்கத்து வீட்டு அக்கா எனக்கு நல்லது செய்வதாக நினைத்து நறுக்கிவிட்டார். அந்த வருஷத்துப் பூவில் பாதி அதோடு போயிற்று.

குச்சி என்றதும் நினைவுக்கு வருகிறது, நுனியில் சாணி உருண்டை வைத்தால் வேர் விடும் என்பார்கள். சாணி வேரை வரவழைப்பதில்லை. வெட்டுவாயை மூடி, குச்சி காய்ந்துபோகாமல் காக்கிறது. அதுவே பெரிய உதவி. வைப்பவர்கள் தாராளமாக வைக்கலாம்.

சித்திரையில் பூ சிறுத்து வெளுத்தால் உடனே உரமூட்டையைத் தேடாதீர்கள். இளஞ்சிவப்பைத் தருகிற ஆந்தோசயனின் கடும் வெப்பத்தில் குறைவாகத்தான் உண்டாகும். வெயில் தணிந்தால் நிறம் திரும்பும்.

“இலையில் ஓட்டை விழுந்தால் மருந்து அடி.”

எந்த ஓட்டை என்று முதலில் பாருங்கள். கம்பளிப்பூச்சி கடித்தது கோணல்மாணலாக இருக்கும், பக்கத்திலேயே கறுப்பு எச்சம் கிடக்கும். அச்சு வைத்து வெட்டினாற்போல் இலையோரத்தில் பிறையாகவும் வட்டமாகவும் வெட்டு இருந்தால், அது இலைவெட்டித் தேனீ. அது இலையைத் தின்பதில்லை. வெட்டிய துண்டைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு பறந்துபோய், தன் குஞ்சுக்கு அறை கட்டுகிறது. பத்துப் பதினைந்து இலை ஓரம் போவதால் செடிக்கு ஒரு குறையும் இல்லை. மருந்தடித்தால் சாவது, பக்கத்துத் தோட்டத்துக் கத்தரிப் பூவுக்கும் போய்வருகிற தேனீ.

போன வருஷம் நிழல்வலையைக் கழற்றும்போது, அது கட்டியிருந்த மூங்கிலின் வாய்க்குள் என்னவோ அடைத்திருந்தது. மெல்ல இழுத்துப் பார்த்தேன். பன்னீர் ரோஜா இலைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, பீடி சுருட்டினாற்போல் சுருட்டி, நுனியை வட்டத் துண்டால் மூடியிருந்தது. இலையின் பச்சை இன்னும் போகவில்லை. இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, அந்த மூங்கிலை மட்டும் கழற்றாமல் விட்டிருக்கிறேன்.