மருந்துத் துளிக்கு ஏற்ற வேகம்: கைத்தெளிப்பானைச் சரிபார்க்கும் முறை

பயிருக்கு மருந்தடிக்கும் முன் எந்த மருந்து, ஏக்கருக்கு எவ்வளவு என்று விசாரித்து அறிகிறோம். ஆனால், மருந்து நாசிலிலிருந்து என்ன வேகத்தில் வெளிவருகிறது, அடிப்பவர் என்ன வேகத்தில் நடக்கிறார் என்பவற்றைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே களைக்கொல்லியை ஒரே அளவில் வாங்கி அடித்தும் ஒரு வயலில் களை சாகாமல் நிற்கிறது. அடுத்த வயலில் பயிரே கருகுகிறது. இதற்கு மருந்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தெளித்த வேகத்தையும் பார்க்க வேண்டும்.

துளியின் வேகமும் பருமனும்

காற்றுத் துப்பாக்கி சுடுவோர் ஒன்றை அறிவர். குண்டு மிக வேகமாகப் போனால் குறி தப்பாது என்பதில்லை. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது குண்டு தடுமாறிக் குறி விலகும். அந்தந்தத் துப்பாக்கிக்கும் குண்டுக்கும் ஏற்ற வேகத்தைச் சுட்டுப் பார்த்தே கண்டறிவார்கள். தெளிப்பானிலும் அவ்வாறே. அழுத்தத்தைக் கூட்டினால் துளி வேகமாக வெளிவரும் என்பது உண்மைதான். ஆனால், கூடவே துளி மிக நுண்ணியதாக உடைந்துவிடும். நுண்துளி காற்றில் சிறிது தூரத்திலேயே தன் வேகத்தை இழந்துவிடும். பிறகு அது போகும் திசையைக் காற்றுதான் முடிவு செய்யும்.

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் மெல்லிய காற்று வீசும்போது, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் 200 மைக்ரான் துளி ஏறக்குறைய 2 மீட்டர் தள்ளி விழும். 100 மைக்ரான் துளி 5 மீட்டர் தள்ளிப் போகும். 20 மைக்ரான் துளியோ 100 மீட்டருக்கு அப்பாலும் சென்றுவிடும். அது அடுத்தவர் பயிரிலோ, கிணற்றிலோ, தெளிப்பவரின் மூச்சிலோ போய்ச் சேரும்.

இது வெறும் பணநட்டம் அன்று. 2017 ஆம் ஆண்டு மகாராட்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் நஞ்சேறி இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். செடி ஆளுயரத்திற்கு மேல் வளர்ந்திருந்ததும், விசைத்தெளிப்பான்கள் மருந்தை நுண்புகையாக வீசியதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் அடங்கும்.

அழுத்தமும் நாசிலும்

அழுத்தத்தை இரு மடங்கு கூட்டினால் வெளிவரும் நீர் இரு மடங்காவதில்லை, 1.4 மடங்குதான் ஆகும். நீரை இரு மடங்காக்க அழுத்தத்தை நான்கு மடங்காக்க வேண்டும். எனவே அதிகத் தண்ணீர் தேவையானால் பெரிய துளையுள்ள நாசிலைப் பொருத்துங்கள். கைப்பிடியை வேகமாக அடித்து ஈடு செய்ய முயலாதீர்கள்.

களைக்கொல்லிக்கு விசிறி நாசில் அல்லது வெள்ளப் பாய்ச்சு நாசில் ஏற்றது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 முதல் 1.5 கிலோ வரை அழுத்தம் போதும். பூச்சிமருந்துக்கும் பூசணக்கொல்லிக்கும் கூம்பு நாசில் ஏற்றது. இலையின் அடிப்புறமும் நனைய வேண்டியிருப்பதால் 2 முதல் 3 கிலோ வரை அழுத்தம் வைக்கலாம்.

நடை வேகத்தைக் கண்டறிதல்

கீழ்க்காணும் சோதனையை வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிச் செய்யுங்கள். மருந்தடிக்கப் போகும் ஆளே இதைச் செய்ய வேண்டும். ஒருவர் நடை மற்றவருக்கு ஒத்துவராது.

1. டாங்கையும் வடிகட்டியையும் கழுவித் தண்ணீர் நிரப்புங்கள். வழக்கம்போல் சீராகக் கைப்பிடியை அடித்து, ஒரு நிமிடம் வாளியில் பீய்ச்சி, வந்த நீரை அளந்து கொள்ளுங்கள். மூன்று முறை செய்து சராசரி காணுங்கள்.

2. நாசிலை வேலை செய்யும் உயரத்தில் பிடித்துக் காய்ந்த தரையில் தெளியுங்கள். நனைந்த பட்டையின் அகலத்தை மீட்டரில் அளவிடுங்கள்.

3. ஒரு நிமிடத்தில் வந்த நீரை (லிட்டர்) 4,000 ஆல் பெருக்குங்கள். ஏக்கருக்குத் தேவையான நீரைப் பட்டையின் அகலத்தால் பெருக்கி, அத்தொகையால் இதை வகுங்கள். கிடைப்பதே நிமிடத்திற்கு நடக்க வேண்டிய மீட்டர்.

உதாரணமாக, நாசிலில் நிமிடத்திற்கு 1.5 லிட்டர் நீர் வருகிறது. பட்டையின் அகலம் 1 மீட்டர். ஏக்கருக்கு 200 லிட்டர் நீர் தெளிக்க வேண்டும் என்று கொள்வோம். 1.5 ஐ 4,000 ஆல் பெருக்கினால் 6,000. அதை 200 ஆல் வகுத்தால் 30. அதாவது நிமிடத்திற்கு 30 மீட்டர் நடக்க வேண்டும்.

4. வயலில் 30 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளைக்குச்சிகளை நடுங்கள். நீர் நிரப்பிய டாங்கை முதுகில் சுமந்து, சரியாக ஒரு நிமிடத்தில் அத்தூரத்தைக் கடக்கப் பழகுங்கள். எத்தனை அடி வைத்தீர்கள் என்று எண்ணி நினைவில் கொள்ளுங்கள்.

5. இறுதியாக, 20 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் உள்ள இடத்தைத் தெளியுங்கள். நடை சரியாக இருந்தால் 5 லிட்டர் நீர் செலவாகும். குறைவாகச் செலவானால் வேகமாக நடக்கிறீர்கள். கூடுதலானால் மெதுவாக நடக்கிறீர்கள் என்று பொருள்.

தவறினால் என்ன ஆகும்?

மேற்சொன்ன வயலில் நிமிடத்திற்கு 45 மீட்டர் நடந்தால் ஏக்கருக்கு 133 லிட்டர்தான் விழும். மருந்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். களை மீண்டும் தழைக்கும். 20 மீட்டர் நடந்தால் 300 லிட்டர் விழும். மருந்து ஒன்றரை மடங்காகிப் பயிரைத் தாக்கும்.

மருந்தைக் கலக்கும் அளவும் இக்கணக்கைச் சார்ந்ததே. ஏக்கருக்கு 200 லிட்டர் வீதம், 15 லிட்டர் டாங்கு ஒன்று ஏழரை சென்ட் நிலத்திற்கு வரும். ஏக்கருக்கு 1 லிட்டர் மருந்து பரிந்துரை என்றால், டாங்கு ஒன்றுக்கு 75 மி.லி. கலக்க வேண்டும். பாட்டில் மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாமல் அளவுக் குவளையால் அளந்து ஊற்றுங்கள்.

கவனிக்க வேண்டியவை

இலைகள் மெல்ல அசையும் காலையிலோ மாலையிலோ தெளியுங்கள். சிறுகிளைகள் ஓயாமல் ஆடினால் அன்று நிறுத்திவிடுங்கள். காற்றுக்கு எதிராக நின்று தெளிக்கக் கூடாது. தெளித்த துளிகள் உங்கள் உடலைவிட்டு விலகிச் செல்லுமாறு, காற்றுக்குக் குறுக்காக நடந்து செல்லுங்கள். கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை அவசியம்.

நாசில் அடைத்துக் கொண்டால் வாயால் ஊதாதீர்கள்; கம்பியாலும் குத்தாதீர்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கழுவுங்கள். புதியதாய் இருந்தபோது வந்ததைவிட நீர் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வந்தால் துளை தேய்ந்துவிட்டது, நாசிலை மாற்றுங்கள்.

தலைவலி, மயக்கம், பார்வை மங்கல் தோன்றினால் உடனே வேலையை நிறுத்தி, உடையை மாற்றி, உடலைச் சோப்புப் போட்டுக் கழுவி, மருந்தின் லேபிளுடன் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும், நாசிலோ ஆளோ மாறும்போதும் இச்சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இதற்கு ஒரு வாளி, ஓர் அளவுக் குவளை, ஒரு கைக்கடிகாரம், அரை மணி நேரம் போதும். வாங்கிய மருந்து வீணாகாது. பயிரும் அடிப்பவர் உடலும் காக்கப்படும்.