முகத்தைப் படம் பிடிக்க எந்த வில்லை?

கைப்பேசியை ஒரு முழம் தள்ளிப் பிடித்து உங்களை நீங்களே எடுத்துக்கொண்ட படம் ஒன்று இருக்கும் அல்லவா? அதை எடுத்துப் பாருங்கள். மூக்கு சற்றுப் பெருத்து, காதுகள் பின்னால் ஒதுங்கித் தெரியும். அடுத்து, தேர்வு விண்ணப்பத்துக்காக ஸ்டூடியோவில் எடுத்த படத்தைப் பாருங்கள். அதே முகம்தான்; ஆனால் வீட்டில் உள்ளவர்கள் "இதுதான் நீ" என்று சொல்வது இந்தப் படத்தைப் பார்த்துத்தான். "ஸ்டூடியோக்காரரிடம் நல்ல லென்ஸ் இருக்கிறது" என்று நாம் காரணம் சொல்லிவிடுகிறோம். உண்மைக் காரணம் வேறு.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் உள்ள ஆழ வேறுபாடு சுமார் 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு பொருளின் பிம்ப அளவு, அது இருக்கும் தூரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். காமிராவிலிருந்து மூக்கு 45 செ.மீ. தூரத்தில் இருந்தால் காது 57 செ.மீ. தூரத்தில் இருக்கும். 57-ஐ 45 ஆல் வகுத்தால் 1.27. அதாவது, காதோடு ஒப்பிட மூக்கு 27 சதவீதம் மிகைப்பட்டுப் பதிகிறது. காமிராவை 1.5 மீட்டருக்குத் தள்ளி வையுங்கள். மிகை 8 சதவீதமாகிறது. 2.4 மீட்டருக்குப் போனால் 5 சதவீதம்தான்.

இந்தக் கணக்கில் வில்லையின் பெயரோ, அதன் குவியதூரமோ எங்காவது வந்ததா? வரவில்லை. முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது காமிரா நிற்கும் இடம் மட்டுமே. 2.4 மீட்டரில் நின்று எந்த வில்லையால் எடுத்தாலும் மூக்கும் காதும் அதே விகிதத்தில்தான் பதியும்.

அப்படியானால் நீண்ட குவியதூரமுள்ள வில்லை எதற்கு? தள்ளி நின்றால் முகம் படத்தில் சிறுத்துவிடும். சிறுத்ததை வெட்டிப் பெரிதாக்கினால் நுட்பம் போய்விடும். தள்ளி நின்றபடியே முகத்தைச் சட்டம் நிறையப் பதிக்க உதவுவதுதான் நீண்ட வில்லையின் வேலை.

எவ்வளவு தள்ளி என்பதையும் கணக்கிடலாம். பிலிம் காலத்திலிருந்து வழங்கிவரும் முழு அளவுச் சட்டம் 36 மி.மீ. நீளம், 24 மி.மீ. அகலம் உடையது. காமிராவை நிமிர்த்திப் பிடித்து, தலையும் தோளுமாக 60 செ.மீ. உயரத்தை அந்த 36 மி.மீ.க்குள் அடக்க வேண்டும். உருப்பெருக்கம் 36/600, அதாவது 0.06. பாடப்புத்தகத்தில் உள்ள வில்லைச் சமன்பாட்டிலிருந்து, ஆள் இருக்க வேண்டிய தூரம் குவியதூரத்தைப் போல் 17.7 மடங்கு என்று கிடைக்கும். (செய்து பாருங்கள், மூன்று வரிதான்.) 50 மி.மீ. வில்லைக்கு அது 88 செ.மீ.; 85 மி.மீ.க்கு 1.5 மீட்டர்; 135 மி.மீ.க்கு 2.4 மீட்டர். நான் மேலே 1.5, 2.4 என்ற எண்களை எடுத்துக்கொண்டதன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

மூன்று பெயர்கள்

எங்கள் கல்லூரியில் படித்து முடித்துக் கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் மாணவர் ஒருவர், மூன்று வில்லைகளின் பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு என்னிடம் வந்தார். சேர்த்து வைத்திருந்த பணத்தில், அதுவும் பழையதாகப் பார்த்தால், ஒன்றுதான் வாங்க முடியும். மூன்றும் கேனன் நிறுவனத்தின் ஈ.எஃப். வரிசையைச் சேர்ந்தவை. 1992-இல் வந்த 85 மி.மீ. எஃப்/1.8; எடை 425 கிராம். 2017-இல் வந்த 85 மி.மீ. எஃப்/1.4, எடை 950 கிராம். 1996-இல் வந்த 135 மி.மீ. எஃப்/2, எடை 750 கிராம். "எது நல்லது சார்?" என்பது கேள்வி. எது நல்லது என்று கேட்டால் இயற்பியலிடம் பதில் இல்லை. எங்கே நின்று, யாரை, எதன் முன்னால் எடுக்கப்போகிறீர்கள் என்று சொன்னால் பதில் உண்டு.

இவற்றைப் 'பிரைம்' வில்லைகள் என்பார்கள். குவியதூரம் மாறாதவை என்று பொருள். 'டெலிபோட்டோ' என்றும் கடைக்காரர் சொல்வார். கண்டிப்பாகச் சொன்னால், தன் குவியதூரத்தைவிடக் குட்டையாக இருக்கும்படி வடிவமைத்த வில்லைக்கே அந்தப் பெயர் பொருந்தும். ஆனால் வழக்கில் நீண்ட வில்லைகள் எல்லாமே டெலிபோட்டோ ஆகிவிட்டன. நாமும் சண்டைக்குப் போக வேண்டாம்.

எஃப்/1.8 என்ற எழுத்தில் உள்ள சாய்கோடு வெறும் அலங்காரம் அன்று. அது வகுத்தல் குறி. எஃப் என்பது குவியதூரம். 85-ஐ 1.8 ஆல் வகுத்தால் 47. வில்லையை முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் ஒளித்துவாரத்தின் விட்டம் 47 மி.மீ. என்று அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. அதுபோல 85 எஃப்/1.4-க்கு 61 மி.மீ.; 135 எஃப்/2-க்கு 67 மி.மீ. இந்த மூன்று எண்களை நினைவில் வையுங்கள்.

எஃப் எண் சிறியதானால் வில்லை 'வேகமானது'. ஒளி அதிகம் நுழைவதால் ஷட்டரை விரைவாக மூடிவிடலாம். முகப்படக்கலை பிறந்ததே இந்த வேகத்தால்தான். 1839-இல் டாகர் தமது ஒளிப்பட முறையை வெளியிட்டபோது கையாண்ட வில்லை சுமார் எஃப்/16. ஆள் நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. 1840-இல் வியன்னா பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஜோசப் பெட்ஸ்வால், காகிதத்தில் கணக்கிட்டே எஃப்/3.6 வில்லை ஒன்றை வடிவமைத்தார். ஒளி, எஃப் எண்ணின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் மாறும். ஆகவே ஏறத்தாழ 20 மடங்கு ஒளி! அந்த வில்லைக்கு முகப்பட வில்லை என்றே பெயர் நிலைத்தது.

நம் மூன்றில், எஃப்/1.4 வில்லை எஃப்/2 வில்லையைப் போல் 2 மடங்கு ஒளியைத் தருகிறது, எஃப்/1.8 வில்லையைப் போல் 1.65 மடங்கு. இந்த ஆதாயம் சும்மா வருவதில்லை. ஒரே குவியதூரத்தில் துவாரம் பெரிதாகப் பெரிதாக, கோளப் பிறழ்ச்சியால் ஏற்படும் மங்கல் விட்டத்தின் கனத்துக்கு ஏற்ப ஏறும். 47-இலிருந்து 61-க்குப் போகும்போது திருத்த வேண்டிய பிறழ்ச்சி இரு மடங்குக்கு மேலாகிறது. அதைத் திருத்தக் கூடுதல் கண்ணாடி வேண்டும். கூடுதல் கண்ணாடிக்குக் கூடுதல் விலை. (கைநடுக்கத்தைச் சரிசெய்யும் அமைப்பும் அந்த 950 கிராமில் ஒரு பங்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும்.)

தெளிவாகத் தெரியும் ஆழம்

கண்ணில் குவியம் வைத்தால், அதற்கு முன்னும் பின்னும் எவ்வளவு ஆழம் தெளிவாக இருக்கும்? நாம் எடுத்துக்கொண்ட தலை-தோள் படத்துக்கு, பிலிமில் 0.03 மி.மீ. மங்கல் வரை கண் பொறுக்கும் என்ற வழக்கமான அளவுகோலை வைத்தால், விடை எஃப் எண்ணைப் போல் 17.7 மடங்கு மில்லிமீட்டர். எஃப்/1.4-இல் 25 மி.மீ.; எஃப்/1.8-இல் 32, எஃப்/2-இல் 35. இங்கே ஒரு வியப்பு: முகம் படத்தில் ஒரே அளவில் இருக்கும்வரை குவியதூரம் இந்த விடையில் வருவதே இல்லை! 'நீண்ட வில்லைக்கு ஆழம் குறைவு' என்று சொல்பவர்கள், ஒரே இடத்தில் நின்று வில்லையை மட்டும் மாற்றுவதை நினைத்துச் சொல்கிறார்கள்.

இரண்டு கண்களுக்கும் இடையே சுமார் 6 செ.மீ. முகம் 30 பாகை திரும்பினால் ஒரு கண் மற்றதைவிட 3 செ.மீ. பின்னால் போய்விடும். எஃப்/1.4-இல் குவியத்துக்குப் பின்னே கிடைப்பது 12 மி.மீ. மட்டுமே. ஆகவே ஒரு கண் கூர்மை, மறுகண் மங்கல். இரண்டும் தெளிய வேண்டுமானால் துவாரத்தை எஃப்/4-க்குக் குறுக்க வேண்டும். பெரும்பணம் கொடுத்து வாங்கிய துவாரத்தை முகப்படத்துக்காகவே மூடி வைக்க நேர்வது இப்படித்தான்.

பின்னால் உள்ள விளக்கு

முகத்துக்குப் பின்னே வெகுதூரத்தில் ஒரு தெருவிளக்கு எரிகிறது. படத்தில் அது ஒளித்தட்டாகப் பரவித் தெரியும். அந்தத் தட்டு எவ்வளவு பெரிது? சூத்திரம் இல்லாமலே சொல்லலாம். வெகுதூர விளக்கின் கதிர்கள் இணையாக வருகின்றன. அவற்றில் நம் வில்லைக்குள் நுழைபவை, துவாரத்தின் விட்டமே விட்டமாக உள்ள ஓர் ஒளி உருளை. அந்த உருளை, வழியில் ஆள் அமர்ந்திருக்கும் தளத்தைக் கடந்துதான் வர வேண்டும். அங்கே அதன் குறுக்கு வெட்டு, துவாரத்தின் அளவே உள்ள வட்டம். காமிரா குவிந்திருப்பதும் அதே தளத்தில். எனவே படத்தில், ஆளின் காதருகே 47 மி.மீ. அல்லது 61 மி.மீ. அல்லது 67 மி.மீ. விட்டமுள்ள வட்டக் காகிதத்தை ஒட்டி வைத்ததுபோல் அந்த விளக்கு தெரியும்.

பின்னணி எவ்வளவு கரையும் என்பது இவ்வளவுதான். வெட்டவெளியில் எடுத்தால் 135 எஃப்/2 முந்துகிறது. தெளிவாழமும் அதில்தான் அதிகம். முகம் கூடுதலாகத் தெளிந்து, தொலைவு கூடுதலாகக் கரைகிறது! எஃப்/4-க்குக் குறுக்கினாலும் 135-க்கு 34 மி.மீ. துவாரம் மிஞ்சும்; 85-க்கு 21 மி.மீ.தான்.

ஆனால் பின்னணி அருகில் இருந்தால் கதை மாறிவிடும். அப்போது கதிர்கள் உருளையாக வருவதில்லை, கூம்பாக வருகின்றன. வடிவொத்த முக்கோணங்களால், பின்னணி ஆளுக்குப் பின்னே இருக்கும் தூரத்தை, காமிராவிலிருந்து பின்னணி வரை உள்ள மொத்தத் தூரத்தால் வகுத்து, அந்தப் பின்னத்தால் துவாரத்தைப் பெருக்க வேண்டும். சுவர் ஆளுக்கு 1 மீட்டர் பின்னே இருக்கிறது என்போம். 85 எஃப்/1.4-க்கு 61-ஐ 1/2.5 ஆல் பெருக்க, 24 மி.மீ. 135 எஃப்/2-க்கு, தள்ளி நிற்பதால், 67-ஐ 1/3.4 ஆல் பெருக்க வேண்டும், 20 மி.மீ.தான். 85 எஃப்/1.8-க்கு 19 மி.மீ. மூன்றில் மிகப் பெரிய துவாரம் உடைய வில்லை, சிறிய துவாரம் உடையதோடு ஏறத்தாழச் சமமாகிவிட்டது!

கல்யாண மேடையில் மணமக்களுக்கு ஒரு மீட்டர் பின்னால்தான் அலங்காரத் திரை இருக்கும். அங்கே 2.4 மீட்டர் தள்ளி நின்றால், காமிராவுக்கும் மணமக்களுக்கும் நடுவே யாராவது மொய்க் கவருடன் வந்து நிற்பார்கள். மணமக்களை முழு உருவமாக எடுக்க 135-க்கு ஏழு மீட்டர் வேண்டும். 85-க்கு நான்கேகால் போதும். எஃப்/1.4 தரும் கூடுதல் ஒளி மண்டபத்தில் உதவும்தான். ஆனால் நாள் முழுவதும் கழுத்தில் தொங்கப்போகும் எடையையும், மங்கிப் போகும் மறுகண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவருடைய காமிரா முழு அளவுச் சட்டம் உடையது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, 85 எஃப்/1.8 என்று சொன்னேன். சிறிய உணரி உள்ள காமிராவானால், 85 மி.மீ. வில்லைக்கே 2.4 மீட்டர் தள்ளி நிற்க வேண்டியிருக்கும். அதற்கு 50 மி.மீ. பொருந்தும். வயல்வெளியிலும் கடற்கரையிலும் படம் எடுப்பவர் வந்து கேட்டிருந்தால் தயங்காமல் 135-ஐச் சொல்லியிருப்பேன்.

வேகம் குறைந்த வில்லை என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். ஸ்டீவ் மக்கரி 1984-இல் பெஷாவர் அருகே அகதிகள் முகாமில் எடுத்து, 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாக்ரஃபிக் அட்டையில் வந்த ஆப்கன் சிறுமியின் படம், நிக்கார் 105 மி.மீ. எஃப்/2.5 வில்லையால் எடுத்தது. அதன் துவாரம் 42 மி.மீ.; நம் மூன்றையும்விடச் சிறியது.

விலை உயர்ந்த வில்லை எதுவும் இல்லாமல் ஒளித்தட்டு விதியை நீங்களே சோதிக்கலாம். இரவில், நூறு மீட்டருக்கு அப்பால் உள்ள ஒரு தெருவிளக்கைத் தேர்ந்தெடுங்கள். மில்லிமீட்டர் கோடுகள் உள்ள அளவுகோலைக் கைப்பேசியின் முதன்மைக் காமிராவுக்கு 15 செ.மீ. முன்னே, விளிம்பை ஒட்டி விளக்கு தெரியும்படி நண்பர் பிடிக்கட்டும். கோடுகள் தெரிய அதன்மேல் சிறிது வெளிச்சம் விழட்டும். 'போர்ட்ரெய்ட்' அமைப்பை அணைத்துவிட்டு, திரையில் அளவுகோலின் கோடுகளைத் தொட்டுக் குவியம் வைத்துப் படம் எடுங்கள். விளிம்பருகே ஒளித்தட்டு விழுந்திருக்கும். அது எத்தனை கோடுகளுக்குச் சமம் என்று எண்ணுங்கள். சில மில்லிமீட்டர்தான் வரும். அதுவே உங்கள் கைப்பேசி வில்லையின் துவார விட்டம். 67-ஐ அந்த எண்ணால் வகுத்துப் பார்த்தால், கைப்பேசி பின்னணியைக் கரைக்க ஏன் கணிப்பொறி நிரலின் உதவியை நாடுகிறது என்பது விளங்கும்.