ஓதிய பாட்டனார், படிக்கும் பேரன்

கேள்வி: என் பாட்டனார் பெயருக்குப் பின்னால் ‘மன்பயீ’ என்று சேர்த்து எழுதுவார்கள். லால்பேட்டையில் ஓதியவர். என் பேரன் வண்டலூர் கிரசென்ட் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறான். இத்தனை முஸ்லிம் ஊர்கள் இருந்தும் நம் தஞ்சைச் சீமையில் ஓர் இஸ்லாமியப் பல்கலைக்கழகம் ஏன் உருவாகவில்லை?
– ஒரு வாசகி, ராஜகிரி, பாபநாசம் வட்டம்

பதில்: பாட்டனார் ‘ஓதினார்’, பேரன் ‘படிக்கிறான்’ என்று எழுதியிருக்கிறீர்களே அம்மா, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. நம் ஊர்ப் பேச்சில் ஓதுவது வேறு, படிப்பது வேறு. ஓதி முடித்தவருக்கு சனது. படித்து முடித்தவருக்குப் பட்டம்.

முதலில் ஓதும் வழி. வீராணம் ஏரியை ஒட்டிய லால்பேட்டையில் மன்பவுல் அன்வார் அரபிக் கல்லூரி 1862இல் தொடங்கியது. புகழ்பெற்ற தேவ்பந்து மதரசாவே 1866இல்தான் வந்தது. மயிலாடுதுறையை அடுத்த நீடூரில் மிஸ்பாஹுல் ஹுதா, அதிராம்பட்டினத்தில் ரஹ்மானிய்யா என்று கடைமடை வரை மதரசாக்கள் பரவின. இன்னும் ஓத விரும்பியவர்கள் ஷா அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் நிறுவிய வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்துக்கு ரயிலேறினார்கள். இங்கெல்லாம் அடித்தளமாக இருந்தது, லக்னோவில் 18ஆம் நூற்றாண்டில் முல்லா நிஜாமுத்தீன் வகுத்த ‘தர்ஸே நிஜாமி’ பாடத்திட்டம். குர்ஆன் விரிவுரை, ஹதீஸ், மார்க்கச் சட்டம் ஆகியவற்றோடு அரபு இலக்கணமும் தர்க்கமும் அதில் உண்டு.

ஆலிமின் பெயரைக் கேட்டாலே அவர் எங்கே ஓதினார் என்று சொல்லிவிடலாம். லால்பேட்டை என்றால் மன்பயீ, நீடூர் என்றால் மிஸ்பாஹி, வேலூர் என்றால் பாகவி. குர்ஆன் முழுவதையும் முதன்முதலில் தமிழாக்கியவர் என்று போற்றப்படும் அப்துல் ஹமீது பாகவி நம் காரைக்கால்காரர். அவர் பெயரின் ‘பாகவி’ வேலூர் தந்தது.

இனிப் படிக்கும் வழி. சர் சையது அகமது கான் 1875இல் அலிகரில் போட்ட விதை 1920இல் பல்கலைக்கழகமானது. தமிழகத்தில் வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் எழுந்தது. 1951இல் ஜமால் முகமது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியைக் கண்டார்கள். நம் மாவட்டத்துக்கு 1955இல் அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரி வந்தது. அதைத் தொடங்கிய அறக்கட்டளையின் பெயரைக் கவனியுங்கள்: எம்.கே.என். மதரசா டிரஸ்ட். மதரசா என்ற சொல்லைப் பெயரில் தாங்கிய அறக்கட்டளைதான் கலை அறிவியல் கல்லூரியையும் நடத்தியது. பட்டம் தந்தது முதலில் சென்னைப் பல்கலைக்கழகம். 1982க்குப் பிறகு பாரதிதாசன் பல்கலைக்கழகம்.

பணமும் மனமும் இருந்தும் பல்கலைக்கழகம் வராததற்குச் சட்டமும் ஒரு காரணம். சிறுபான்மையினர் கல்வி நிறுவனம் தொடங்க அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு உரிமை தருகிறது. பட்டம் வழங்குவது வேறு சங்கதி. 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி, சட்டம் இயற்றி அமைத்த பல்கலைக்கழகமோ, நிகர்நிலைத் தகுதி பெற்ற நிறுவனமோ, நாடாளுமன்றம் தனியே அதிகாரம் தந்த நிறுவனமோதான் பட்டம் தர முடியும். உங்கள் பேரன் படிக்கும் இடத்தையே பாருங்கள். கீழக்கரை பி.எஸ். அப்துர் ரஹ்மான் முயற்சியில் 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2008இல் நிகர்நிலைத் தகுதி பெற்றது. நிகர்நிலை நிறுவனங்கள் ‘பல்கலைக்கழகம்’ என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2017இல் உத்தரவு வந்ததால், இன்று அதன் பெயர் கிரசென்ட் அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம்.

பெயர்ப்பலகை இல்லையே என்ற வருத்தம் எனக்கில்லை. ஓதியவர் படிக்கவும் படித்தவர் ஓதவும் பாலம் போதவில்லை என்பதுதான் என் வருத்தம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் ‘அஃப்ஸலுல் உலமா’ தேர்வு அப்படியொரு பாலமாக இருந்தது. இலங்கையில் மாணிக்க வணிகர் நளீம் ஹாஜியார் 1973இல் பேருவளையில் நிறுவிய ஜாமிஆ நளீமிய்யா, மார்க்கக் கல்வியையும் நவீனக் கல்வியையும் ஒரே வளாகத்தில் இணைத்தது. கிரசென்டிலும் அரபு, இஸ்லாமியவியலுக்கென்று தனித் துறை உண்டு. டெல்டாவின் கல்லூரிகளும் மதரசாக்களும் இதைச் சேர்ந்து யோசிக்கலாம். புதுக் கட்டடம் கூடத் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. பாட்டனாரின் சனது வீட்டுப் பெட்டியில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அரபியில் ஹிஜ்ரி ஆண்டு இருக்கும்; 1360 என்றிருந்தால் அது 1941. ஓதிக்கொடுத்த உஸ்தாதுகளின் பெயர்களும் இருந்தால், ஆலிம் ஒருவரிடம் கேட்டு எல்லாவற்றையும் தமிழில் எழுதிப் பேரனிடம் கொடுங்கள். அவர் ஓதிய பல்கலைக்கழகம் எது என்று அவனுக்கும் தெரியட்டும்.