வழித்துணை



தமிழிலே 'வழித்துணை' என்றோர் அழகிய சொல் உண்டு. வழி, துணை என்னும் இரு சொற்கள் புணரும்போது இடையே தகர மெய் மிக்கு வழித்துணை ஆயிற்று. நெடுவழி செல்வோருக்கு உடன்வந்து உதவும் உயிர் எதுவோ அதுவே வழித்துணை. அது மனிதராகத்தான் இருத்தல் வேண்டும் என்பதில்லை. நான்கு கால் கொண்ட வழித்துணையைப் பற்றியே இம்மலரில் உங்களுடன் உரையாட விரும்புகின்றோம்.

மகாபாரதத்தின் இறுதிப் பகுதியில் பாண்டவர் ஐவரும் திரௌபதியும் நாட்டைத் துறந்து வடதிசை நோக்கி நடக்கின்றனர். நாயொன்றும் அவர்களைப் பின்தொடர்கின்றது. ஒவ்வொருவராக வழியில் வீழ்ந்துபட, எஞ்சியோர் தருமரும் அந்த நாயுமே. தேருடன் வந்த இந்திரன், நாயை விட்டுவிட்டு ஏறுமாறு தருமரை அழைக்கின்றான். தம்மை நம்பி வந்த உயிரைக் கைவிட்டுச் சொர்க்கம் புக அவர் மறுத்துவிடுகின்றார். நாயாக வந்தவர் தருமதேவதையே என்பது பின்னர்தான் புலனாகின்றது.

இஃது இதிகாசம். இனி, நிகழ்ந்த வரலாறு ஒன்றைப் பார்ப்போம். குனுட் றஸ்முசன் என்னும் பெயரை டெனிஷ் பாடசாலையிலே நீங்கள் கேட்டிருக்கக்கூடும். அவர் 1879ஆம் ஆண்டு, இன்று இலுலிசற் என வழங்கும் கிறீன்லாந்து ஊரிலே பிறந்தவர். தந்தையார் டெனிஷ் மதகுரு. தாயார் கிறீன்லாந்து மக்களின் குருதி உறவு உடையவர். 1921 முதல் 1924 வரை நடைபெற்ற ஐந்தாவது தூலே ஆய்வுப் பயணத்திற்கு அவரே தலைவர். 1923 மார்ச் மாதம் கனடாவின் ஹட்சன் குடாப் பக்கமிருந்து மித்தெக் என்னும் இளைஞரையும் அர்னறுலுங்குவாக் என்னும் பெண்மணியையும் அழைத்துக்கொண்டு நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகளிலே புறப்பட்டார். மறு ஆண்டு அலாஸ்காவை அடைந்தார். சிறுவயதில் பேசிய கிறீன்லாந்து மொழியைக் கொண்டே வழிநெடுக வாழ்ந்த இனுவிற் மக்களுடன் உரையாடி, அவர்தம் கதைகளையும் பாடல்களையும் எழுதிக்கொண்டார்.

அத்தகைய பயணத்தில் ஒரு நாள் எவ்வாறு கழியும்? காலையில், பனிக்குள் சுருண்டு உறங்கிய நாய்கள் உடலை உதறிக்கொண்டு எழும். வண்டியின் சறுக்குக் கட்டைகளில் பூசி உறையவைத்த மண்ணின்மீது நீர் தடவி, மெல்லிய பனிக்கட்டிப் படலம் உண்டாக்குவர். வண்டி வழுக்கி ஓடுவதற்கு அதுவே வழி. கிறீன்லாந்து முறையில் ஒவ்வொரு நாய்க்கும் தனித்தனி வார் உண்டு. நாய்கள் விசிறிபோல் விரிந்து ஓடுவதால் பாரம் ஓரிடத்தில் குவியாது. கடற்பனிமேல் செல்வோருக்கு அது பாதுகாப்பு. இளவேனிலில் பனியின் மேற்பரப்பு கூர்மையாகிப் பாதங்களைக் கிழிக்குமாதலின், நாய்களுக்கும் தோற் காலணி தைத்து அணிவிப்பர். மாலையில் பனிவீடு கட்டி, நாய்களுக்குக் கடல்நாய் இறைச்சியோ மீனோ இடுவர்.

ஆயினும் ஒரு தொல்லை உண்டு. ஓடும் நாய்கள் இடம் மாறி மாறிப் பாய்வதால் வார்கள் யாவும் பின்னிச் சிக்கிக்கொள்ளும். உறைநிலைக்குக் கீழே முப்பது, நாற்பது பாகைக் குளிரிலும் வண்டியை நிறுத்தி, கையுறையைக் கழற்றி, வெறும் விரல்களால் அச்சிக்கை அவிழ்த்தல் வேண்டும். இதனைப் படித்தபோது எமக்கு வேறொரு கயிறு நினைவுக்கு வந்தது.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி. இராணுவம் யாழ்ப்பாண நகரை நோக்கி முன்னேறிக்கொண்டிருந்தது. வலிகாமத்து மக்கள் யாவரும் உடனே வெளியேறித் தென்மராட்சிக்குச் செல்லுமாறு ஒலிபெருக்கியில் அறிவித்தனர். இலட்சக்கணக்கானோர் செம்மணி, நாவற்குழி வழியாக மழையிலே நகர்ந்தனர். எமக்கு அப்போது பதினான்கு வயது. எமது நாய் ஜிம்மியைச் சைக்கிள் கரியரிற் கயிற்றாற் கட்டியிருந்தோம். கண்பார்வை மங்கிய அப்பாச்சி, அக்கயிற்றை ஒரு கையாற் பற்றிக்கொண்டு நடந்தார். சனநெரிசலில் ஜிம்மி அங்குமிங்கும் இழுபட, கயிறு பிறர் கால்களிற் சிக்கியது. "கயிறை விடு தம்பி, சனம் விழப்போகுது" என்றார் அப்பா. குனிந்து சிக்கெடுக்க இடமுமில்லை, நேரமுமில்லை. முடிச்சை அவிழ்த்துவிட்டவர் நாமே. சிறிது தூரம் குரைப்பு ஒலி கேட்டது.

விடியற்காலையில் சாவகச்சேரியில் ஒரு திண்ணையில் அமர்ந்து பாண் உண்டோம். அப்பாச்சி தம் துண்டிற் பாதியைப் பிய்த்து வைத்துக்கொண்டு, "ஜிம்மி எங்கை?" என்று கேட்டார். நாம் விடை கூறவில்லை. 1996இல் ஊர் திரும்பியபோது வீடு இருந்தது, ஜிம்மி இல்லை.

அன்று அப்பா கூறியது பிழையென்று இன்றும் நாம் கருதவில்லை. மனிதர் விழுந்தால் மிதிபட்டிருப்பர். ஆயினும் தருமர் கதையைப் படிப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் எமது குரல் சற்றுத் தாழ்ந்துவிடுகின்றது. கைவிட நேர்ந்ததை நியாயப்படுத்தலாம், மறத்தல் ஆகாது.

பிள்ளைகளே, உங்களிற் சிலர் ஸ்கீவ நகரில் மாலை வேளைகளிலே நாயுடன் உலாவக் காண்கின்றோம். வார் காலிற் சிக்கினால் வெடுக்கென இழுக்காதீர்கள். சற்று நின்று, குனிந்து, அவிழ்த்துவிடுங்கள். உங்களுக்கு நேரம் உண்டு.

பயிற்சி

1. வழித்துணை போல் வல்லினம் மிகும் சொற்கள் ஐந்து எழுதுக.
2. நாய்களைத் தனித்தனி வாரிற் பூட்டுவதன் நன்மை யாது? தொல்லை யாது?
3. ஊரை விட்டு வந்த நாளில் வீட்டில் எந்தெந்த உயிர்கள் இருந்தன என்று உங்கள் பெற்றோரிடம், பேரன் பேத்தியாரிடம் கேட்டு, அவற்றின் பெயர்களை எழுதி வருக.