கழுத்தில் நெரிபடும் நரம்பு



"கழுத்தில் கத்தி வைத்தால் கை, கால் விழுந்துவிடுமா, ஐயா?" அறுவை சிகிச்சைக்கு முந்தின இரவில் நாங்கள் வார்டுக்குச் செல்லும்போது இப்படிக் கேட்பவர்கள் பலர்.

கழுத்தில் 7 எலும்புகள் உண்டு. அவற்றின் பக்கவாட்டுத் துவாரங்கள் வழியாய் நரம்புகள் கைக்குச் செல்கின்றன. எலும்புகளுக்கிடையிலுள்ள வட்டு பிதுங்கினாலோ, வயதினால் எலும்பு வளர்ந்தாலோ துவாரம் சுருங்கி நரம்பு நெரிபடும். தோள் முதல் விரல்வரை மின்சாரம் பாய்வதுபோல் வலிக்கும், விரல்கள் மரத்துப்போகும். பெரும்பாலோர் மாத்திரையாலும் பயிற்சியாலும் சில வாரங்களில் சுகமடைகிறார்கள். வலி நீங்காதவர்களுக்கும், கை பலமிழப்பவர்களுக்குமே அறுவை சிகிச்சை தேவைப்படும்.

பிடரி வழியாய்த் துவாரத்தை அகலப்படுத்தும் முறையை ஸ்பர்லிங், ஸ்கோவில் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் 1944-ல் எழுதி வெளியிட்டார்கள். பழைய முறையில் நீண்ட வெட்டு போட்டு, தசையை எலும்பிலிருந்து பிரிக்க வேண்டும். இன்று ஏறக்குறைய 2 செ.மீ. கீறல் போதும். தசையை விலக்கிச் சிறு குழாயைச் செலுத்தி, நுண்ணோக்கியால் பார்த்து, எலும்பைச் சிறிது செதுக்குகிறார்கள். எலும்புகளைப் பிணைப்பதில்லை; ஆகவே கழுத்து முன்போல் திரும்பும். பலர் அன்றோ மறுநாளோ வீடு திரும்புகிறார்கள். ஆயினும் இது எல்லாருக்கும் ஏற்றதல்ல. தண்டுவடமே அழுத்தப்பட்டால் வேறு சிகிச்சை வேண்டியிருக்கும்.

கேட்டவருக்கு நாங்கள் சொல்லும் பதில்: "அபாயம் சிறிதளவு உண்டு. பலமிழக்கும் கையோடு காத்திருப்பதில் அபாயம் அதிகம்."

பொத்தான் போட விரல் தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ, கழுத்தை நெட்டி முறிக்கக் கொடாமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். இதை உங்கள் சபையாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.